தவசிப்பிள்ளைக்குக் குனிய வேண்டியிருந்தது

எண்டோஸ்கோப்பி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் சாதித்த கதைகளையெல்லாம் என் பணிநிறைவு விழாவிலேயே மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதிதாக இருந்தது. ஆகவே நான் பொறாமைப்பட்ட கதை ஒன்றை எழுதுகிறேன். அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

நான் பொறாமைக்காரன். பந்தியில் பக்கத்து இலையில் இரண்டு அப்பளம் விழுந்து எனக்கு ஒன்று விழுந்தால், அன்றைக்குச் சாம்பார் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் குணத்தோடுதான் முப்பது வருஷத்துக்கு மேல் மருத்துவம் பார்த்தேன். உங்களில் யாருக்காவது இந்தக் குணம் இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம். போய்க் காப்பி குடியுங்கள்.

உணவுக்குழாயில் புற்றுநோய் முற்றிய பிறகுதான் நம் ஜில்லாவில் பெரும்பாலோர் நம்மிடம் வருகிறார்கள். முதலில் சோறு இறங்காது. பிறகு இட்லி, பிறகு கஞ்சி. கடைசியில் எச்சில்கூட இறங்காமல் கையில் ஒரு டம்ளரை வைத்துத் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். குணப்படுத்த முடியாது என்று தெரிந்துதான் வேலையை ஆரம்பிக்கிறோம். நம்மால் முடிந்தது விழுங்க வைப்பது மட்டும்தான். அது சின்ன விஷயம் இல்லை. ஒரு மனிதர் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட முடிந்தால் அந்த வீட்டின் முகமே மாறிவிடும்.

என் ஆயுதம் ஸ்டென்ட். சுருங்கிய நிலையில் உள்ளே போய், அடைத்த இடத்தில் விரிந்து வழிவிடும் கம்பிவலைக் குழாய். இன்றைக்கு வைத்தால் நாளைக்குச் சாப்பிடலாம். அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லில் எனக்கு ஒரு போதை இருந்தது. வார்டில் நின்று, “நாளைக்குச் சாப்பிடுவிய” என்று சொல்லும்போது வீட்டார் என்னை நிமிர்ந்து பார்க்கும் பார்வைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போயிருக்கிறேன்.

பிறகு அந்த அம்மா வந்தார். கதிர்சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டர். தேங்காப்பட்டணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பேரை எழுத வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நம் ஊர் நோயாளிகள் கதிர்சிகிச்சையைக் கரண்டு வைப்பது என்றுதானே சொல்வார்கள். அதனால் அவர் கரண்டு டாக்டரம்மா ஆனார். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குழாய் டாக்டர். அவருக்கு ஓர் அம்மா உண்டு, எனக்கு ஓர் ஐயா கிடையாது. தண்ணீர்த் தொட்டி ரிப்பேர் பார்க்க வந்தவன் மாதிரி ஒரு பெயர். முதல் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

இரண்டாவது முட்டத்து மீனவர் ஒருவரால் வந்தது. அவருக்கு நான் ஸ்டென்ட் வைத்தேன். முதலில் நீராகாரம், பிறகு குழைவாக, நன்றாக மென்று, என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் வீட்டுக்குப் போன அன்றே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டார். கிழங்கின் நார் போய்க் குழாயை அடைத்துக்கொண்டது. மறுபடி உள்ளே போய் ஒவ்வொரு துணுக்காகத் தள்ளி வழி உண்டாக்கினேன். ஒரு மாதம் கழித்து அவர் ஒரு பெரிய நெய்மீனை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்குத்தான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் என் அறையைத் தாண்டிப் போய்க் கரண்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா இவருக்கு ஒரு வைத்தியமும் செய்யவில்லை. வராந்தாவில் பார்த்தபோது, படுத்தால் தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த மீனில் பாதியை டாக்டரம்மா எனக்குக் கொடுத்தனுப்பினார். நான் அதைச் சாப்பிடவில்லை என்று சொன்னால் பெருமையாக இருக்கும். சாப்பிட்டேன், கோபத்தோடு சாப்பிட்டேன்.

இந்த நிலையில்தான் தவசிப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். இவர் இராஜாக்கமங்கலம் பக்கம். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், புகையில் வெந்து கறுத்த முன்கைகள். உணவுக்குழாயின் அடி முனையில், வயிற்றோடு சேரும் இடத்தில் கட்டி. கல்லீரலுக்கும் போயிருந்தது. ஆனால் ஆள் இன்னும் தளரவில்லை. கஞ்சி இறங்குகிறது, சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

அவருக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஆவணியில், தக்கலையில் ஒரு கல்யாணம். இருபத்தைந்து வருஷம் இவர் எதிரே நின்று உருளியில் பாயசம் கிண்டிய கூட்டாளி ஒருவர் இரண்டு வருஷம் முன்னால் இறந்துபோனார். அவருடைய மகளுக்குத்தான் கல்யாணம். உன் மகள் கல்யாணத்துக்கு அடைப்பிரதமன் பாயசம் என் கையால்தான் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதுவரை ஆளை ஓட்டிக் கொடுங்கள், பிறகு நடப்பது நடக்கட்டும் என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அதைக் கேட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன சாப்பிட ஆசை என்று கேட்டேன். எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி அது. புளிசேரி, அதுதான் மோர்க்குழம்பு, விட்டுப் பிசைந்து ஒரு பிடி சோறு என்றார். என் மனதில் கணக்கு முடிந்துவிட்டது.

எல்லாப் பிரிவு டாக்டர்களும் கூடும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இவருடைய ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டோம். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஸ்டென்ட். மற்றது, குழாய் வழியாகக் கதிரைக் கட்டியின் அருகிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும் சிகிச்சை. அது இரண்டு முறை கொடுத்தால் போதும். ஆனால் உடனே பலன் தெரியாது, பத்து நாளோ இருபது நாளோ ஆகும். தெரிந்தபின் ஸ்டென்ட்டைவிட அதிக நாள் நிற்கும். நாள் குறைவாக இருக்கிறவருக்கு ஸ்டென்ட், மாதங்கள் இருக்கிறவருக்குக் கதிர் என்பது நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட பொது வழக்கம். இவருக்கு மாதங்கள் இருந்தன. அது எனக்கும் தெரியும்.

கரண்டு டாக்டரம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “சார், இவரு என்ன வேலை பாக்காரு?” என்று கேட்டார்.

நான் இதற்காகவே காத்திருந்தவன் போல, சமையல்காரர் என்றேன். சமையல்காரருக்கு நாக்குதான் மூலதனம், அவர் ருசி பார்த்தாக வேண்டும், விழுங்கியாக வேண்டும், இருபது நாள் காத்திருக்கச் சொல்வது அநியாயம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்த அம்மா தலையாட்டவில்லை. தான் அவரிடம் ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும், வெள்ளியும் சனியும் தனக்கு வெளியூர் வேலை, திங்கட்கிழமை பேசிவிட்டு முடிவு செய்யலாம் என்றார். சரி என்றேன். எல்லோர் முன்னிலையிலும் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டென்ட்டை வைத்துவிட்டேன்.

ஏன் என்று நானே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அந்த அம்மா போய்ப் பேசினால், தவசிப்பிள்ளையும் முட்டத்துக்காரர் மாதிரி அவர் பக்கம் போய்விடுவார் என்று பயந்தேன். அவ்வளவுதான். நோயாளியிடம், வேறொரு வழியும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஸ்டென்ட் வைத்தபின் குனியக்கூடாது, தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும் என்பதெல்லாம் அச்சடித்த தாளில் இருந்தது. அந்தத் தாளை நர்ஸ் அவர் மனைவி கையில் கொடுத்தார். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வயிற்றுக்கு மேலே இயற்கை ஒரு கதவு வைத்திருக்கிறது. வயிற்றுப் புளிப்பு மேலே வராமல் அது மூடிக்கொள்ளும். கட்டி அந்த இடத்தில் இருந்தால் ஸ்டென்ட் அந்தக் கதவைக் கடந்து போய் நிற்கும், கதவு திறந்தே கிடக்கும். இது உங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

மறுநாள் அவர் என் முன்னால் இட்லி சாப்பிட்டார். இரண்டு இட்லி. அவர் மனைவி என்னைக் கும்பிட்டார். திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பும்போது நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாசலுக்குப் போக நேர்வழி இருக்கும்போது, கதிர்சிகிச்சைப் பிரிவு வராந்தா வழியாக அவரை நடத்திக் கூட்டிப்போனேன். அந்த அம்மா கதவருகே நின்றிருந்தார். சோறு சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தவசிப்பிள்ளையிடம் போய்ச் சுகம் விசாரித்தார். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தேவாமிர்தமாக இருந்தது.

மூன்றாவது வாரம் தவசிப்பிள்ளை திரும்பி வந்தார். வெளியே பெஞ்சில் எல்லோரும் சாய்ந்தும் சரிந்தும் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நட்டுவைத்த கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்தேன். சாப்பாடு இறங்கவில்லையா என்று கேட்டேன்.

“சோறு எறங்குகு டாக்டரே. அதுல கொற சொல்லப்பிடாது. குனிய முடியல்ல.”

நடந்ததை அவர் மனைவிதான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் கை பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் புதுவீடு குடிபோகும் பால்காய்ச்சு ஒன்றின் சமையலை எடுத்திருக்கிறார். சின்ன விருந்துதான். உருளியில் வெல்லப்பாகோடு அரிசி அடைத் துண்டுகளைப் போட்டுக் குனிந்து கிண்ட ஆரம்பித்ததும், வயிற்றிலிருந்து நெருப்பு மாதிரி ஏதோ ஏறித் தொண்டைக்கு வந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டியிருக்கிறார். இரண்டாவது தடவை வாய்க்கே வந்துவிட்டது. கிண்டுகிற சட்டுவத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். திரும்பி வருவதற்குள் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. நாற்பது வருஷத்தில் இவர் உருளி அடிப்பிடித்தது அன்றைக்குத்தான் என்று சொல்லி மனைவி அழுதார். தவசிப்பிள்ளை அழவில்லை.

புளிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தேன். அளவைக் கூட்டலாம் என்றேன். தாளில் எழுதியிருந்ததே, படிக்கவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூசியது. நீங்கள் சமையல்காரர், கிண்டுகிற வேலையை வேறு ஆள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று ருசி பார்த்துச் சொன்னால் போதாதா என்றும் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல.

“வைக்குத ஆளு ருசி பாக்கப்பிடாது டாக்டரே. முதல் எலை பிள்ளையாருக்கு. அதுக்கு முன்ன நாக்குல வைக்க மாட்டோம். உப்பு மணத்துல தெரியும். பிரதமன் பதம் சட்டுவத்துலதான் தெரியும், கிண்டுத கைக்கு மட்டும். நிமிந்து நிண்ணு எவன் கிண்டுவான்?”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன்.

“என்ன திங்கணும்னு கேட்டிய, சொன்னேன். என்ன செய்யணும்னு கேக்கல்லியே.”

நாக்கு மூலதனம் என்று கூட்டத்தில் பேசினேனே, அந்த மனிதர் நாற்பது வருஷமாக அடுப்படியில் நாக்கையே பயன்படுத்தியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது முதுகு. அதைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? புளிப்பு மேலே வராமல் வால்வு வைத்த ஸ்டென்ட் ஒன்று இருக்கிறது, அதைத் தருவித்து மாற்றி வைத்துவிட்டால் அந்த அம்மாவிடம் போக வேண்டாமே என்றுதான். விற்பனையாளருக்குப் போனும் போட்டேன். வால்வு இருந்தாலும், அடுப்புமேல் நாலைந்து மணி நேரம் குனிந்து நிற்கிறவருக்கு அது போதும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். போனில் ஆள் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவின் கண்ணாடி வழியாகத் தவசிப்பிள்ளையின் தலை தெரிந்தது. அதே நிமிர்ந்த உட்காரல். முதுகைப் பெஞ்சில் சாய்க்கக்கூடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

கதிர்சிகிச்சைப் பிரிவுக்கு என் அறையிலிருந்து ஒரு வராந்தா தூரம்தான். அந்தத் தூரத்தில் நான் மூன்று பொய்களைத் தயார் செய்தேன். ஸ்டென்ட் இடம் நகர்ந்துவிட்டது என்பது ஒன்று. நோயாளி அவசரப்படுத்தினார் என்பது ஒன்று. மூன்றாவது மறந்துவிட்டது. அவர் அறைக்குள் போனதும் மூன்றையும் சொல்லவில்லை. “திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காம நான் வச்சது தப்பு. நீங்க பேசினா உங்ககிட்ட வந்துருவாருன்னு வச்சேன்,” என்றேன். என் ஆயுளில் இவ்வளவு குறைந்த சொற்களில் நான் பேசியது அதுதான்.

அவர் ஏதாவது சொல்லுவார், குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். குத்தியிருந்தால் எனக்கும் கோபப்பட ஒரு வசதி கிடைத்திருக்கும்.

“கல்யாணத்துக்கு எத்தனை நாளு சார் இருக்கு?”

இருபத்துமூன்று என்றேன்.

“பத்தும் பத்தாம இருக்கு. அப்ப இன்னைக்கே எடுத்துருங்க. நான் நாளன்னைக்கு ஆரம்பிக்கேன்.”

அது முழுக்கத் துணி போர்த்திய மாதிரி உறையுள்ள ஸ்டென்ட், எடுக்கக்கூடிய வகை. ஆனாலும் எடுப்பது வைப்பதைவிட மோசமான வேலை. கட்டி லேசாக உரசினாலே ரத்தம் வரும், கிழிந்தால் கதை முடிந்தது. தவசிப்பிள்ளையிடமும் அவர் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். என் அவசரத்தால் வந்தது என்பதையும் சொன்னேன். எடுத்தபின் கொஞ்ச நாள் மறுபடி கஞ்சிதான், கதிர் பலிக்குமா என்பது நிச்சயமில்லை என்றேன். தவசிப்பிள்ளை தன் மனைவியைப் பார்த்தார். மனைவி, உங்களுக்குச் சோறு வேணுமா, வாக்கு வேணுமா என்று கேட்டார். எடுத்துருங்கோ டாக்டரே என்று அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

எடுக்கும்போது கரண்டு டாக்டரம்மாவும் உள்ளே வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. தவசிப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். மயக்க மருந்து ஏறும்வரை அந்த மனிதரின் கண் அவர் மேலேயே இருந்தது. குழாயைப் பிடித்து நின்ற என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படித்தான் வரும். கை நடுங்கக்கூடாத நேரத்தில் வரும். தவறை ஒத்துக்கொண்டுவிட்டால் குணம் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம்.

ஸ்டென்ட்டின் மேல்முனையில் இருந்த நூல் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். வலை சுருங்கி வர ஆரம்பித்ததும் திரை சிவந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. இழுத்துவிடு என்று ஒரு மனம், விட்டுவிடு என்று ஒரு மனம். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அதற்கு எதிராக ஏதாவது செய்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். நான் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரை அடித்து, திரை தெளியும்வரை காத்திருந்தேன். தெளிந்தது. சிறு கசிவுதான், கிழியவில்லை. மெதுவாக எடுத்தேன். வியாழக்கிழமையிலிருந்து நான் காத்திருந்திருக்க வேண்டிய நாலு நாளை அந்த நாலு நிமிஷத்தில் காத்திருந்து தீர்த்தேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இவர் கதையை யாராவது எடுப்பார்கள் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டு டாக்டரம்மாவே எடுத்தார். நோயாளியின் வேலைக்குக் குனிவது அவசியம் என்பதால் நாங்கள் இருவரும் கலந்து பேசிச் சிகிச்சையை மாற்றினோம் என்றார். அடுத்த நோயாளி என்றார். அவ்வளவு சுலபமாக ஒருவரால் இப்படி இருக்க முடியும் என்றால் என்னால் ஏன் முடியவில்லை என்று அன்று முழுக்க எனக்கு ஆத்திரம். வைத்தியத்தில் பட்ட பொறாமை ஆறிவிடும். இது ஆறவில்லை.

கதிர் கொடுத்த முதல் வாரம் தவசிப்பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர்கூடச் சிரமமாக இருந்தது. இரண்டாவது வாரமும் அப்படியே. நான் தினமும் ஏதோ ஒரு சாக்கில் அந்த வராந்தாவில் நடந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், குழைந்த சோறு இறங்கிற்று என்று அவர் மனைவி போன் செய்தார். எனக்கு இல்லை, அந்த அம்மாவுக்கு. அவர்தான் என் அறைக்கு வந்து சொன்னார்.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. தக்கலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கப் போகவில்லை. பின்பக்கம் அடுப்படிக்குப் போனேன். புகைக்கு நடுவே உருளியின்மேல் ஒரு முதுகு தெரிந்தது. எலும்பு எண்ணிவிடலாம், வியர்வை வழிகிற முதுகு. இடுப்பிலிருந்து அப்படியே மடிந்து, சட்டுவத்தோடு போவதும் வருவதுமாக இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒருவர் குனிவதைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றைக்கு மட்டும்தான். பந்தியில் அந்த அம்மா எனக்குப் பக்கத்து இலை. பிரதமன் அவருக்கு இரண்டு கரண்டி விழுந்தது, எனக்கு ஒன்று. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

மாசி மாதம் தவசிப்பிள்ளை திரும்பி வந்தார். சக்கர நாற்காலியில், கையில் துப்புவதற்கு டம்ளரோடு. ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தது கரண்டு டாக்டரம்மா. கட்டி மறுபடி வளர்ந்துவிட்டது, இனி கதிருக்குக் காலம் இல்லை, வாரக்கணக்குத்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. “இப்ப உங்க கைதான் சார்,” என்றார். அதை அவர் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொன்னார்.

இந்தத் தடவை தாளை எடுக்கவில்லை. நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயால் சொன்னேன். கதிர் பட்ட இடம், ஆகவே வலி கூடுதலாக இருக்கலாம். சரிந்து படுக்கக்கூடாது. குனியக்கூடாது.

“இனி எதுக்குக் குனியணும் டாக்டரே. வைக்க வேண்டியத வச்சாச்சு.”

ஸ்டென்ட்டை வைத்தேன். நான் வைத்ததிலேயே இதுதான் நன்றாக அமைந்தது என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள், சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் காலை அவர் மனைவி கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்தார். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்து ஊட்டினார். முதல் கரண்டி இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். டம்ளரைத் தூரத் தள்ளிவைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பத்துக் கரண்டி இறங்கியபின் என்னைப் பக்கத்தில் அழைத்தார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. நான் குனிந்தேன்.

“கரண்டு டாக்டரம்மாட்ட ஒரு வாக்கு சொல்லணும். கஞ்சி எறங்கிச்சுன்னு. பாவம், என்ன ஆச்சோன்னு வெப்ராளப்பட்டுக்கிட்டு இருப்பாங்க.”

குழாயை வைத்தவன் நான். பக்கத்தில் நிற்பவனும் நான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேனோ என்று தோன்றுமளவுக்கு எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் என்னிடம் கேட்டதோ தூது போகச் சொல்லி. வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பொறாமை வரும், வரட்டும். ஆனால் ஒரு நோயாளியை வேறொருவர் பார்ப்பதற்கு முன்னால் நாம் முடித்துவிட வேண்டும் என்று கை பரபரத்தால், அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட ஆசை என்று கேட்டபின், என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

அந்த வராந்தாவில் நடந்தேன். ஒருநாள் அவரை ஊர்வலம் கூட்டிப்போன அதே வழி. அந்த அம்மா உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும்வரை நோயாளிகளோடு நோயாளியாகக் கதவருகே நின்றேன். வந்ததும், கஞ்சி இறங்கிற்று என்றேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, “உங்ககிட்ட என்ன சொன்னாரு சார்?” என்று கேட்டார்.

“உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு,” என்றேன். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.